தோட்டாவின் தோளில் எத்தனை டிகிரி?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தபோது, கையிலிருந்த காகிதத்தில் பித்தளைத் தோட்டா ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து காட்டினேன். தோள் இருக்கும் இடத்தில் '40 டிகிரி' என்று எழுதியிருந்தேன். பட்டறைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படத்தைப் பார்த்தார். தோட்டா எதற்கு, துப்பாக்கி எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. "பாதிக் கோணமுங்களா, முழுக் கோணமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டேப்பர் கடைபவருக்கு அதுதான் முதல் கேள்வி. கூம்பின் முழுக் கோணம் எவ்வளவோ, அதில் பாதிக்குத்தான் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி வைக்கவேண்டும். டிரில் பிட்டின் முனை 118 டிகிரி என்பார்கள். சாணை பிடிக்கிறவன் ஒரு பக்கத்துக்கு 59 வைப்பான். தோட்டாத் தோளின் கோணத்தைத் துப்பாக்கி உலகம் பெரும்பாலும் பாதிக் கோணமாகவே சொல்கிறது. தோட்டாவின் நடு அச்சிலிருந்து ஒரு பக்கச் சாய்வு மட்டும் கணக்கு. அமெரிக்கப் பட்டறைக்காரர் ஆக்லியின் புகழ்பெற்ற 40 டிகிரி உண்மையில் 80 டிகிரிக் கூம்பு. ஐரோப்பிய அளவு வரைபடங்கள் சிலவற்றில் முழுக் கோணமே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதாடியவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

தோள் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோட்டாவின் பித்தளைக் கூடு சர்பத் பாட்டில் மாதிரி இருக்கிறது. கீழே மருந்து நிற்கும் அகன்ற உடல், மேலே குண்டைக் கவ்விப் பிடிக்கும் ஒடுங்கிய கழுத்து, இரண்டுக்கும் நடுவில் சரிந்து இறங்கும் பகுதி தோள். பழைய கரிமருந்துக் காலத்தில் இது பெரும்பாலும் தேவைப்படவில்லை. குண்டு தடிமன், கூடும் அதே தடிமன், நேர்க்குழாய். 1880களில் புகையில்லா மருந்து வந்ததும் கணக்கு மாறியது. குண்டு மெலிந்தது, வேகம் கூடியது. மெலிந்த குண்டுக்குப் பின்னால் நிறைய மருந்தை அடைக்கவேண்டும். அதற்காகக் கூட்டை நீட்டிக்கொண்டே போனால், அதைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டும் நீளும், துப்பாக்கியும் நீளும். உடலை அகலமாக வைத்துக் கழுத்தை ஒடுக்கினார்கள். அந்த ஒடுக்கம் மெல்லச் சரியவேண்டுமா, வெடுக்கென்று திரும்பவேண்டுமா என்பதுதான் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் விவாதம்.

அந்த விவாதத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரிகிறது. இந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோளே கிடையாது. கொல்லிமலை, கல்வராயன்மலைப் பக்கம் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே இல்லை. மருந்தைக் குழல் வாய் வழியாகக் கொட்டி, குச்சியால் இடித்து, மேலே ரவையைப் போட்டு, பின்னால் கேப் வைத்துச் சுடுவது. உரிமம் வாங்கிய மிராசுகளிடம் இருந்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டா நேர்க்குழாய். துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஓடும் .22 தோட்டா 1887இல் வந்தது, அதுவும் நேர்க்குழாய். வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் துப்பாக்கியும் அந்தப் பன்னிரண்டு போர்தான்.

சேலம் மாவட்டத்தின் பெயரை வேட்டை எழுத்தில் உலகத்துக்குச் சொன்ன கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கிக்கும் தோள் இல்லை. பெங்களூர்க்காரரான ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரி, பென்னாகரம், அஞ்செட்டிக் காடுகளைப் பற்றி எழுதியபோது அவையெல்லாம் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அவர் கையிலிருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 அளவு. 1904இல் வந்த அந்தத் தோட்டாவின் கூடு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் நீளம், அடியில் விளிம்பு, மேலே கொஞ்சமே கொஞ்சம் ஒடுக்கம், அவ்வளவுதான். 300 கிரெயின் குண்டை வினாடிக்கு 2200 அடி வேகத்தில் தள்ளியது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதே அளவைத்தான். ஜவளகிரிப் புலிக்குத் தோள் கோணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும்.

அப்படியானால் தோள் உள்ள தோட்டா இந்தப் பக்கம் எப்படி வந்தது? ராணுவத்தோடும் போலீஸோடும் வந்தது. தமிழில் தனிச்சொல்லாகவே ஆகிவிட்ட 'த்ரீ நாட் த்ரீ'தான் அது. 1888இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட .303இன் தோள் சாய்வு சுமார் 17 டிகிரி. முதலில் அதில் அடைத்தது அழுத்திய கரிமருந்துக் கட்டி. சில ஆண்டுகளிலேயே கார்டைட் வந்துவிட்டது. கார்டைட் பொடி அல்ல. இடியாப்பம் மாதிரி நீள இழைகள். அந்த இழைக் கட்டு ஒடுங்கிய கழுத்து வழியாக உள்ளே போகாது. அதனால் ஆலையில் கூட்டை நேர்க்குழாயாக வைத்து, இழைக்கட்டை உள்ளே இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் தோளையும் கழுத்தையும் அழுத்தி உருவாக்கினார்கள். உள்ளே மருந்து இருக்கும்போது வெளியே பித்தளையை மடக்குகிற வேலை. அதற்கு மெல்லிய சாய்வுதான் தோது. ஆக, அந்தக் கோணத்தில் குண்டின் பாய்ச்சலோடு ஆலையின் வசதியும் கலந்திருக்கிறது.

வெயிலுக்கும் பங்குண்டு. கார்டைட் சூட்டுக்கு முரண்டு பிடிக்கும் மருந்து. குளிரில் ஓர் அழுத்தம், கோடையில் வேறோர் அழுத்தம். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் சேலம் சமவெளியில், காரின் பின்சீட்டில் கிடந்த தோட்டா இங்கிலாந்தில் சோதித்த தோட்டாவாக நடந்துகொள்ளாது. அழுத்தம் கூடினால் பித்தளைக் கூடு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; எதிரே விலங்கு நிற்க, போல்ட் திறக்காது. வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தனித் தோட்டாக்களையே பிரிட்டிஷ் நிறுவனங்கள் விற்றன. உடலை நன்றாக ஒடுக்கி, தோளைச் சரித்துவிட்டால், கொஞ்சம் நெகிழ்ந்ததுமே கூடு கழன்று வரும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் கொடுத்த .375க்கு 15 டிகிரித் தோள், 1925இல் வந்த .300க்கு வெறும் எட்டரை டிகிரி. அந்த .300ஐக் கையில் வைத்துப் பார்த்தால் தோள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே சட்டென்று தெரியாது.

இவ்வளவு சரிந்த தோளை அவர்களால் எப்படி வைக்க முடிந்தது? இங்கேதான் தோளின் முக்கியமான வேலை தெரியவரும். தோட்டா அறைக்குள் போய் ஓரிடத்தில் நிற்கவேண்டும். முன்னும் பின்னும் ஆடக்கூடாது. ஆடினால் சுடும்போது பித்தளை இழுபட்டு, அடிப்பக்கம் விண்டுபோகும். அந்த நிறுத்தத்தை மூன்று வழியில் செய்யலாம். .303 மாதிரி அடியில் விளிம்பு வைக்கலாம். ஹாலண்ட் மாதிரி அடிக்குச் சற்று மேலே இடுப்புப் பட்டை ஒன்று போடலாம். இரண்டும் இல்லையென்றால், அறைச் சுவரின் சரிவில் தோள்தான் போய் முட்டி நிற்கவேண்டும். விளிம்போ பட்டையோ இருந்தால் தோள் எப்படி வேண்டுமானாலும் சரியலாம். அது வெறும் ஒடுக்கம். விளிம்பில்லாத தோட்டாவில் தோள் ஒரு தூண். மௌசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 20 டிகிரி 45 நிமிடம், 1906இன் அமெரிக்க .30-06க்குப் பதினேழரை. இரண்டும் தூணாக நிற்கப் போதுமான சரிவு. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி அந்த மௌசர் தோட்டாவேதான், பெயர் மட்டும் ஆங்கிலப் பெயர். சம்பாவத் பெண்புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

'பிரிட்டிஷ்காரன் என்றால் சரிந்த தோள்' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அதே ரிக்பி நிறுவனம் 1911இல் கொண்டுவந்த .416இன் தோள் 45 டிகிரி. ஆக்லியின் 40ஐயும் விடச் செங்குத்து. அதே கார்டைட், அதே வெப்ப நாடுகள். எப்படிச் சமாளித்தார்கள் என்றால், கூட்டை மிகப் பெரிதாக வைத்து அழுத்தத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெயிலுக்குப் பதில் கோணத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தியாவில் தோட்டாவின் வடிவத்தைத் தீர்மானித்ததில் சட்டத்தின் கை இதையெல்லாம் விடப் பெரியது. கிளர்ச்சிக்காரர்கள் கையில் ராணுவத் தோட்டாவோ குண்டோ சிக்கினால் அதற்கேற்ற துப்பாக்கி வெளியே இருக்கக்கூடாது என்பது வெள்ளை அரசின் கவலை. 1907 வாக்கில் .450 அளவுக்கு இங்கே தடை வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் விட்டம் அதுதான். லண்டன், பர்மிங்காம் நிறுவனங்களுக்கு இந்தியச் சந்தையை இழக்க மனமில்லை. .465, .470, .475, .476 என்று நூலளவு நூலளவாக விட்டத்தை மாற்றிப் புதுத் தோட்டாக்களை வரிசையாக இறக்கின. யானையின் மண்டையோட்டுக்கு .450க்கும் .470க்கும் வித்தியாசம் தெரியாது. கல்கத்தா சுங்கத்துக்குத் தெரியும்.

.303க்கும் அதே கதி. தனியார் கைக்கு அது விலக்கப்பட்ட அளவு, இன்றைக்கும் அப்படித்தான். அதற்கு மாற்றாக இந்தியாவில் நிலைத்தது .315. பெயர் இந்தியப் பெயர், ஆள் ஆஸ்திரியாக்காரர்: ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா. அதற்கும் அடியில் விளிம்பு உண்டு என்பதால் .303 சுடும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் போல்ட்டில் பெரிய மாற்றமில்லாமல் பொருந்தியது. இஷாப்பூர் ஆலை .303இன் உடலமைப்பில் .315 குழலைப் பொருத்தி விற்றது. ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி நடந்தது. ராணுவ அளவுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அங்கே பட்டறைக்காரர்கள் .303 கூட்டின் கழுத்தை .25க்கு ஒடுக்கி .303-25 என்று ஒன்றை உருவாக்கினார்கள். அங்கே பட்டறை செய்ததை இங்கே அரசாங்க ஆலை செய்தது. நம்முடைய 'காட்டுப்பூனை' சர்க்கார் முத்திரையோடு பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

காட்டுப்பூனை என்றால் என்ன என்று சொல்லாமல் வந்துவிட்டேன். ஆலை எதுவும் தயாரிக்காத, பட்டறைக்காரரோ ஆர்வலரோ ஆலைக் கூட்டை ஒடுக்கியும் விரித்தும் தானே உருவாக்கிய தோட்டாவை அமெரிக்காவில் 'வைல்டு கேட்' என்பார்கள். சில பூனைகள் பிற்பாடு வீட்டுக்குள் வந்துவிடும். .25-06 பட்டறையில் பிறந்தது 1920இல். ரெமிங்டன் அதை ஆலைத் தோட்டாவாக ஏற்றது 1969இல். .22-250 முப்பதுகளில் பிறந்து 1965இல் ஏறியது; அதன் தோள் 28 டிகிரி. அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் நிமிர்ந்த தோள்.

இந்த உலகத்தின் பெரிய பெயர் பார்க்கர் ஓட்டோ ஆக்லி (1903–1989). அவர் வழி எளிமையானது. ஆலைத் தோட்டாவின் உடலில் உள்ள ஒடுக்கத்தை ஏறக்குறைய நேராக்கு, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்து. உள்ளே இடம் கூடும். 'இம்ப்ரூவ்டு' என்று பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார். இடம் கூடுவது உண்மை. கூடுவதால் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதில்தான் பட்டறைப் பேச்சு வானத்துக்குப் போய்விடும். இதற்கு ஒரு மதிப்பீட்டு விதி உண்டு: கொள்ளளவு எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, அதே அழுத்தத்தில் வேகம் அதில் கால்வாசி விழுக்காடுதான் கூடும். கூட்டின் கொள்ளளவு 8 விழுக்காடு பெருகினால் வேகம் 2 விழுக்காடு. வினாடிக்கு 2700 அடி போன குண்டு 2754 அடி போகும். அதற்குமேல் கிடைத்ததாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கூடுதல் அழுத்தம். கோணத்தின் புண்ணியம் இல்லை.

ஆக்லியிடம் இன்னொரு வாதமும் இருந்தது. நேரான சுவருள்ள கூடு சுடும்போது அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும், அதனால் போல்ட்டின் மேல் பின்னோக்கி விழும் உதை குறையும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. .30-30இன் இம்ப்ரூவ்டு வடிவத்துக்கு அறை வெட்டிய வின்செஸ்டர் 94 துப்பாக்கியில் பூட்டும் கட்டையையே கழற்றிவிட்டுச் சுட்டுக் காட்டினார். பித்தளையின் பிடிப்பே தாங்கியது. துணிச்சலான ஆள்தான். ஆனால் அறைச் சுவர் காய்ந்திருக்கும் வரைக்கும்தான் அந்தப் பிடிப்பு. துளி எண்ணெயோ மழைத் தண்ணீரோ இருந்தால் கூடு வழுக்கி, முழு உதையும் போல்ட்டில் இறங்கும். மேலும், பற்றியது உடலின் நேர்ச்சுவர். தோளின் கோணத்துக்கு அதில் பங்கு குறைவு. நேரான உடலும் நிமிர்ந்த தோளும் ஒரே கூட்டில் வந்ததால் உடலின் பெருமையைத் தோள் வாங்கிக்கொண்டது. இந்த விவாதத்தின் பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆக்லி தோளைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தபோது கலிஃபோர்னியாவில் ராய் வெதர்பி எதிர்த்திசையில் போனார். நாற்பதுகளில் அவர் வெளியிட்ட தோட்டாக்களின் தோளில் கோணமே இல்லை, இரட்டை வளைவு. வாயு வழுக்கிக்கொண்டு ஓடும் என்று விளம்பரம். வெதர்பி தோட்டாக்கள் வேகமானவை, சந்தேகமில்லை. பெரிய கூடும், உயர்ந்த அழுத்தமும், குழலில் குண்டு வரி பிடிக்குமுன் விட்ட நீண்ட இடைவெளியும் அந்த வேகத்தைத் தந்தன. வளைவு அழகாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கோணம் வாயுவை ஆளுகிறது என்னும் நம்பிக்கைக்கு இன்னொரு நாகரிகமான வடிவமும் உண்டு. தோளின் இரு பக்கச் சரிவையும் கோடாக நீட்டினால் அவை ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளி கழுத்துக்குள்ளேயே விழுந்தால் எரியும் வாயுவின் கொந்தளிப்பு பித்தளைக்குள் அடங்கிவிடும். கழுத்தைத் தாண்டி விழுந்தால் குழலின் தொண்டையை அரிக்கும் என்பார்கள். படம் போட்டால் நம்பத் தோன்றும். நிமிர்ந்த தோளும் நீண்ட கழுத்தும் இதில் வெல்லும். ஆனால் தொண்டை அரிப்புக்கு முதல் காரணம், எவ்வளவு மருந்தை எவ்வளவு குறுகிய துளை வழியாக எரித்து அனுப்புகிறோம் என்பது. அடுத்தது, எவ்வளவு சூட்டில் அடுத்தடுத்துச் சுடுகிறோம் என்பது. இவற்றைச் சமமாக வைத்துவிட்டுக் கோணத்தை மட்டும் மாற்றினால் மிஞ்சும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

துல்லியத்துக்கும் கோணத்தைக் காட்டுவார்கள். 1975 வாக்கில் லூயிஸ் பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் இருவரும் ரஷ்யக் கூடு ஒன்றிலிருந்து உருவாக்கிய 6 மில்லிமீட்டர் பிபிசியின் தோள் 30 டிகிரி. மேசையில் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளை அது நெடுங்காலம் ஆண்டது. 2007இல் வந்த 6.5 கிரீட்மூருக்கும் 30 டிகிரி. சரி, 30தான் மந்திர எண்ணா? பிபிசி குட்டையான தடித்த கூடு, சிறிய கேப், மிகச் சீரான பித்தளை, அதற்கென்று கையால் கடைந்த அறை, சுடுபவர்களோ துல்லியப் பைத்தியங்கள். இத்தனைக்கும் நடுவில் கோணத்தைத் தனியே பிரித்தெடுத்து மதிப்பெண் போட முடியாது. இதே பிபிசிக்குத் தோள் 28ஆக இருந்திருந்தால் இன்று 28தான் மந்திர எண்ணாக இருந்திருக்கும்.

நிமிர்ந்த தோளுக்கு ஐயமில்லாத நன்மை ஒன்று உண்டு. அது பித்தளையின் ஆயுள். சுட்ட கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் போட்டிக்காரர்கள் கண்டது: சரிந்த தோளில் பித்தளை முன்னோக்கி ஊர்ந்து கழுத்து நீளும், அடிக்கடி வெட்டிவிடவேண்டும். .300 ஹாலண்ட் இதற்குப் பேர்போனது. 40 டிகிரித் தோளில் அந்த ஊர்தல் வெகுவாகக் குறைகிறது. நேரான உடல் இதிலும் துணைநிற்கிறது. அத்தோடு விளிம்பில்லாத தோட்டா அறையில் உறுதியாக முட்டி நிற்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை: மேகசினிலிருந்து அறைக்குள் நுழையும்போது நிமிர்ந்த தோள் விளிம்பில் இடிக்கும், அவசரத்தில் சிக்கும். புலிக்கு முன்னால் நிற்பவனுக்கு முதல் தேவை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் தோட்டா. மேசையில் ஒவ்வொன்றாகக் கையால் போடுபவனுக்கு அந்தக் கவலை இல்லை. கார்டைட் காலத்து வேட்டைக்காரனும் இன்றைய போட்டிக்காரனும் வேறு வேறு கோணத்தைத் தேர்ந்தது அவரவர் வேலையின் கணக்கு. இதில் முன்னேற்றம் பின்னேற்றம் என்று வரிசை கட்ட வேண்டியதில்லை.

படைத் தோட்டாக்கள் நடுவழியில் நின்றதற்கும் இதே காரணம். 7.62 நேட்டோவுக்கு 20 டிகிரி, 5.56க்கு 23. இயந்திர வேகத்தில் உள்ளே போகவேண்டும், தோளில் முட்டியும் நிற்கவேண்டும். நாமக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் 5.56 இன்சாஸ் துப்பாக்கிகள் உருவாகியிருக்கின்றன. 1960களில் தொடங்கிய ஆலை அது. காவிரிக் கரையில் தோள் கோணத்துக்கு அளவுமானி வைத்துச் சரிபார்த்த வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அதைப் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரரின் கேள்விக்கு 'பாதிக் கோணம்' என்று பதில் சொன்னேன். எண்பது டிகிரிக் கூம்பு அவருக்கு ஒரு விஷயமே இல்லை. எங்கள் பக்கத்து லேத்களில் அதைவிடச் சிரமமான டேப்பர்களைத் தினமும் கடைகிறார்கள். கைத்திறன் இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதி முடிக்குமுன் ஒன்று சொல்லவேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை ஏழாண்டுச் சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். அமெரிக்கப் பட்டறையில் பொழுதுபோக்காக வளர்ந்த காட்டுப்பூனை இங்கே காகிதத்தில் மட்டும் வளரட்டும். நான் வரைந்த படத்தையும் பட்டறையில் விட்டுவிட்டு வரவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.